சன்ஸ்கிரீன்: எண்ணைப் பார்க்கிறோம், அளவைப் பார்ப்பதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெயில் காலம் தொடங்கியதும் நாளிதழ்களின் வார இணைப்புகளில் சன்ஸ்கிரீன் பற்றிய குறிப்புகள் தவறாமல் இடம்பெறுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை உறையில் அச்சிடும் எஸ்பிஎஃப் என்ற காப்பு எண் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதோடு நின்றுவிடுகின்றன. ஒரு முறைக்கு எவ்வளவு பூச வேண்டும், அப்படிப் பூசினால் ஒரு டியூப் எத்தனை நாளைக்கு வரும், அந்தக் கணக்கு வாங்குபவருக்குக் கட்டுப்படியாகுமா என்பவை பேசப்படுவதே இல்லை. சன்ஸ்கிரீனைப் பொறுத்தவரை விலையையும் பயனையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது என்பதே என் கருத்து. தாராளமாகப் பூச மனம் வராத அளவுக்கு விலை உயர்ந்த களிம்பு, எவ்வளவு நேர்த்தியான தயாரிப்பாக இருந்தாலும், உறையில் அச்சிட்டிருக்கும் காப்பைப் பூசியவரின் தோலுக்குத் தராது.

இதற்குக் காரணம் அந்த எண் கணக்கிடப்படும் முறையிலேயே இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் வீதம் களிம்பைப் பூசி, களிம்பு உள்ள இடம் சிவப்பதற்கு எவ்வளவு புற ஊதாக் கதிர் தேவைப்படுகிறது, இல்லாத இடம் சிவப்பதற்கு எவ்வளவு தேவைப்படுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். முப்பது மடங்கு தேவைப்பட்டால் எஸ்பிஎஃப் 30. ஆனால் அன்றாடம் பூசுகிறவர்கள் அந்த 2 மில்லிகிராமில் கால் பங்கிலிருந்து பாதி வரைதான் பூசுகிறார்கள் என்று பல ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வருகின்றன. பாதியளவு பூசினால் காப்பும் ஏறக்குறையப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கிவிடும். எனவே 50 என்று அச்சிட்ட களிம்பை வாங்கி, பட்டாணி அளவு எடுத்து முகம் முழுவதும் தேய்த்துக்கொள்பவர் உண்மையில் மிகச் சிறிய எண்ணையே அணிந்து வெளியே செல்கிறார்.

வயது வந்த ஒருவரின் முகம், காது, கழுத்து ஆகியவற்றுக்கு ஏறத்தாழ 1.2 கிராம் களிம்பு வேண்டும். ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய இரண்டின் நீளத்துக்கும் கோடாகப் பிதுக்கினால் அந்த அளவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். இந்தக் கணக்கின்படி 50 மில்லி டியூப் ஒன்று சுமார் நாற்பது முறைக்கு வரும்; நாளுக்கு ஒரு முறை பூசினாலும் ஒன்றரை மாதத்திற்குள் தீர்ந்துவிட வேண்டும். தினமும் பூசியும் அதே டியூப் ஆறு மாதம் வருகிறது என்றால், தேவையானதில் கால் பங்குதான் பூசப்படுகிறது என்பது பொருள். உடல் முழுவதற்கும் ஒரு முறைக்கு 30 முதல் 35 மில்லி வரை தேவை என்பதால், கடற்கரைக்கோ நீச்சல் குளத்துக்கோ செல்லும் ஒருவருக்கு அந்த 50 மில்லி இரண்டு முறைக்குக்கூடப் போதாது. கடையில் நிற்கும்போது பெட்டியின் மொத்த விலையைப் பார்ப்பதைவிட, ஒரு மில்லிக்கு என்ன விலை என்று வகுத்துப் பார்ப்பதுதான் முறையான ஒப்பீடு. அழகான சிறு குப்பியில் 30 மில்லி அடைத்து விற்கப்படும் பொருளுக்கும், பெரிய குப்பியில் 200 மில்லியாக வரும் லோஷனுக்கும் மில்லி விலையில் உள்ள வேறுபாடு பலரைத் திடுக்கிட வைக்கும். முகத்துக்கென்று விற்கப்படுவதும் உடலுக்கென்று விற்கப்படுவதும் பெரும்பாலும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஒரே வகை வடிப்பான் பொருள்களையே கொண்டிருக்கின்றன. வேறுபடுவது பிசுபிசுப்பும் மணமும் உறையும்தான். எண்ணெய்ப் பசையும் பருக்களும் உள்ள முகத்துக்கு மெல்லிய ஜெல் தேவைப்படலாம், அதை மறுக்கவில்லை. கைக்கும் கழுத்தின் பின்புறத்துக்கும் அந்த விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

எண்ணைவிட வழக்கமும் அளவும் முக்கியம் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் உள்ள நம்பூர் என்ற ஊரில் 1992 முதல் 1996 வரை நடந்த ஆய்வு நல்ல சான்று. அதில் 1,621 பேர் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் தலை, கழுத்து, கைகளில் தினமும் சன்ஸ்கிரீன் பூசினர். மற்றவர்கள் தங்கள் விருப்பப்படி, முன்பு எப்படியோ அப்படியே இருந்தனர். தினமும் பூசியவர்களுக்கு ஸ்குவாமஸ் செல் வகைத் தோல் புற்றுக் கட்டிகள் ஏறத்தாழ 40 சதவீதம் குறைவாகத் தோன்றின. பின்னாளில் அதே மக்களைத் தொடர்ந்து கவனித்தபோது மெலனோமா என்ற கொடிய வகையும் அவர்களிடம் பாதியாகக் குறைந்திருந்ததாக 2011இலும், ஆய்வு நடந்த காலத்திலேயே தோல் முதுமையடைவது 24 சதவீதம் குறைவாக இருந்ததாக 2013இலும் முடிவுகள் வெளியாயின. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட களிம்பின் எஸ்பிஎஃப் வெறும் 16 என்பதை இன்றைய விளம்பரங்களைப் பார்த்துப் பழகியவர்கள் கவனிக்க வேண்டும். பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் வெளிர்நிறத் தோல் கொண்டவர்கள் என்பதால், கருநிறத் தோல் உடையவர்களின் புற்றுநோய் அபாயத்துக்கு இந்த எண்களை அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது. நம்மைப் போன்ற நிறத்தவர்களுக்கு வெயிலின் பாதிப்பு பெரும்பாலும் மங்கு, கரும்புள்ளி, பரு ஆறிய இடத்தில் தங்கிவிடும் கருமை ஆகிய வடிவங்களில் வருகிறது. கருத்த தோலுக்குச் சன்ஸ்கிரீன் தேவையே இல்லை என்று சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இனி எண்ணுக்கு வருகிறேன். முழு அளவு பூசினால் எஸ்பிஎஃப் 15 தோலைச் சிவக்கச் செய்யும் கதிர்களில் ஏறத்தாழ 93 சதவீதத்தையும், 30 சுமார் 97 சதவீதத்தையும், 50 சுமார் 98 சதவீதத்தையும் தடுக்கின்றன. முப்பதுக்கும் ஐம்பதுக்கும் ஒரு சதவீதம்தானே வித்தியாசம் என்று இதை வைத்துச் சொல்லப்படுவது உண்டு. உள்ளே நுழைவதைக் கணக்கிட்டால் 30 என்ற களிம்பு நூற்றில் 3.3 பங்கையும் 50 என்ற களிம்பு 2 பங்கையும் விடுகின்றன என்பதால், அந்த வாதம் முழு உண்மையன்று. குறைவாகப் பூசும் பழக்கம் நம்மிடம் இருக்கும் வரை உயர்ந்த எண் ஓரளவு ஈடுசெய்யும் என்பதும் சரியே. ஆகவே 30க்குக் கீழே போக வேண்டாம்; விலை ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் 50 வாங்கலாம்; 50க்காக இரு மடங்கு கொடுத்துவிட்டு அதைச் சிக்கனமாகப் பூசுவதைவிட 30ஐ நிறைவாகப் பூசுவது நல்லது. எஸ்பிஎஃப் 15 உள்ள கிரீமின் மேல் 30 உள்ளதைப் பூசினால் 45 கிடைக்கும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. ஒப்பனைப் பொருள்களில் சேர்த்திருக்கும் எஸ்பிஎஃப்பையும் தனியாக நம்ப இயலாது, ஏனெனில் 1.2 கிராம் ஃபவுண்டேஷனை யாரும் முகத்தில் பூசிக்கொள்வதில்லை.

எஸ்பிஎஃப் எண்ணைவிடக் கூர்ந்து பார்க்க வேண்டியது யுவிஏ என்ற வகைப் புற ஊதாக் கதிருக்கு எதிரான காப்பைத்தான், வாங்குபவர்கள் பெரும்பாலும் ஏமாறுவதும் இங்கேதான். எஸ்பிஎஃப் என்பது முதன்மையாக யுவிபி என்ற மற்றொரு வகைக் கதிரால் தோல் சிவப்பதை அளக்கும் எண். தரையை வந்தடையும் புற ஊதாக் கதிர்களில் 95 சதவீதம் வரை யுவிஏ வகையைச் சேர்ந்தவை. அவை தோலைச் சட்டென்று சிவக்க வைப்பதில்லை. ஆழமாக இறங்கிக் கருமையையும் சுருக்கத்தையும் ஏற்படுத்துகின்றன. சாதாரணச் சன்னல் கண்ணாடி யுவிபியைப் பெரும்பாலும் தடுத்துவிடும், யுவிஏவைப் பெருமளவு உள்ளே விட்டுவிடும். சன்னலோரம் உட்கார்ந்து வேலை செய்பவர், நெடுநேரம் வண்டி ஓட்டுபவர் ஆகியோருக்கு இதனால்தான் காப்பு தேவைப்படுகிறது. எரிச்சலோ சிவப்போ தெரியாததால் களிம்பு வேலை செய்கிறது என்று எண்ணிவிடுகிறோம், அதற்குள் யுவிஏ தன் வேலையைச் செய்துவிடுகிறது.

இதை உறையில் எப்படிக் கண்டுகொள்வது என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஐரோப்பிய வழக்கத்தில் வட்டத்துக்குள் யுவிஏ என்று பொறித்திருந்தால், யுவிஏ காப்பு எஸ்பிஎஃப் எண்ணில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு இருக்கிறது என்று பொருள். ஐரோப்பிய ஆணையம் இந்த விகிதத்தை 2006இல் பரிந்துரைத்தது. ஜப்பானில் தொடங்கிப் பல ஆசிய நாடுகளில் பரவிய பிஏ குறியீட்டில் கூட்டல் குறிகளை எண்ண வேண்டும்: இரண்டு குறிகள் 4 முதல் 8 மடங்கு வரையிலான யுவிஏ காப்பையும், மூன்று குறிகள் 8 முதல் 16 வரையிலான காப்பையும், நான்கு குறிகள் 16 அல்லது அதற்கு மேற்பட்டதையும் காட்டுகின்றன. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. எஸ்பிஎஃப் 50 என்றும் பிஏ மூன்று கூட்டல் என்றும் அச்சிட்ட களிம்பின் யுவிஏ காப்பு 8 ஆகவும் இருக்கலாம், அது ஐம்பதில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாது. மங்குக்காகவும் கருமைக்காகவும் வாங்குபவர்கள் நான்கு கூட்டல் குறியையோ வட்டமிட்ட யுவிஏ குறியையோ தேடுவதே நல்லது. அமெரிக்க உறைகளில் பிராட் ஸ்பெக்ட்ரம் என்ற சொற்கள் மட்டும் இருக்கும். அவை யுவிஏ காப்பு உண்டு என்று சொல்லுமே தவிர, அது எத்தனை மடங்கு என்று சொல்வதில்லை. இவற்றுள் எதுவுமே அச்சிடாமல் எஸ்பிஎஃப் எண்ணை மட்டும் பெரிதாகப் போட்டிருக்கும் பொருளை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்கத் தேவையில்லை.

உட்பொருள் பட்டியலைப் படிக்கப் பொறுமை உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு. நீண்ட அலை யுவிஏவைத் தடுக்க ஜிங்க் ஆக்சைடு, அவோபென்சோன், பெமோட்ரிசினால் ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தால் நல்லது. அவோபென்சோன் வெளிச்சம் பட்டால் சிதையக்கூடியது. ஆக்டோக்ரிலீன் என்ற வடிப்பான் உடனிருந்தால் நிலைத்து நிற்கும், ஆக்டினாக்சேட் என்ற வடிப்பானுடன் சேர்ந்தால் விரைவில் சிதையும். டைட்டானியம் டையாக்சைடு மட்டும் உள்ள களிம்பு யுவிபிக்கு நன்று, நீண்ட அலை யுவிஏவுக்கு வலுக் குறைவு. ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு கொண்ட கனிம வகைக் களிம்புகள் கதிர்களைக் கண்ணாடி போலத் திருப்பி அனுப்புகின்றன என்று விளம்பரங்கள் சொன்னாலும், அவையும் பெரும்பாலும் கதிர்களை உறிஞ்சியே தடுக்கின்றன. ஆகவே இயற்கை வகை, வேதி வகை என்ற பிரிவினைக்காகக் கூடுதல் விலை கொடுப்பதில் பொருள் இல்லை. தோல் எளிதில் எரிச்சல் கொள்பவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் கனிம வகை ஏற்றது என்பது வேறு செய்தி. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைகளுக்குக் களிம்பைவிட நிழலும் துணியுமே மருத்துவர்கள் முதலில் சொல்வது. ஜிங்க் ஆக்சைடு கருத்த முகத்தில் வெள்ளை பூத்துத் தெரிவது உண்மையான குறைதான், அதனாலேயே பலர் அதை மெலிதாகப் பூசிப் பயனை இழக்கிறார்கள். இரும்பு ஆக்சைடு சேர்த்து நிறமூட்டிய வகைகள் அந்த வெண்மையை மறைப்பதோடு, மங்கைத் தூண்டும் கண்ணுக்குப் புலப்படும் ஒளியையும் ஓரளவு தடுக்கின்றன. மங்கு உள்ளவர்கள் சற்றுக் கூடுதலாகச் செலவிட நினைத்தால் அந்தப் பணத்துக்குத் தகுந்த இடம் இதுவே.

தோலுக்குள் ஊடுருவி இரத்தத்தில் கலக்கிறதே என்ற அச்சமும் இப்போது பரவலாக உள்ளது. சில வடிப்பான் பொருள்கள் இரத்தத்தில் அளவிடக்கூடிய அளவுக்குச் சேர்கின்றன என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாக அமைப்பின் ஆய்வாளர்கள் 2019இல் காட்டியது உண்மை. உறிஞ்சப்படுவதால் மட்டுமே அது தீங்கு என்றாகிவிடாது என்று சொல்லி, சன்ஸ்கிரீனைத் தொடர்ந்து பயன்படுத்துமாறும் அதே அமைப்பு கேட்டுக்கொண்டது. ஐயம் தீராதவர்கள் ஜிங்க் ஆக்சைடு வகைக்கு மாறிக்கொள்ளலாம். பயந்து களிம்பையே கைவிட வேண்டியதில்லை. வீட்டில் எண்ணெயும் பொடியும் கலந்து தயாரிக்கும் களிம்புகளை அதற்கு மாற்றாகக் கொள்வது மட்டும் கூடாது. அவற்றின் காப்பு எவ்வளவு என்று யாரும் அளந்து பார்த்ததில்லை, பூசியவருக்கோ காப்பு இருக்கிறது என்ற தைரியம் வந்துவிடுகிறது.

விலை கூடினால் தரமும் கூடும் என்ற எண்ணத்தை ஆஸ்திரேலியாவின் சாய்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு 2025இல் வெளியிட்ட சோதனை முடிவுகள் நன்றாக அசைத்தன. அந்த அமைப்பு சோதித்த 20 சன்ஸ்கிரீன்களில் 16, உறையில் சொன்ன எஸ்பிஎஃப் அளவை எட்டவில்லை. 50க்கு மேல் என்று அச்சிட்டு உயர்ந்த விலையில் விற்கப்பட்ட ஒன்று முதல் சோதனையில் 4 என்ற அளவையே தந்தது. சன்ஸ்கிரீனைக் கடுமையாக ஒழுங்குபடுத்தும் நாடுகளுள் ஒன்றிலேயே இந்த நிலை. தனி மனிதர் வீட்டில் எஸ்பிஎஃப்பைச் சோதித்துப் பார்க்க வழியில்லை என்பதால், சுயேச்சையான அமைப்புகள் கடையில் வாங்கிச் சோதித்து வெளியிடும் முடிவுகளைத் தேடிப் பார்ப்பதும், காலாவதித் தேதியைப் பார்ப்பதும், வெயிலில் நிற்கும் வண்டிக்குள் டியூபைப் போட்டுவைக்காமல் இருப்பதுமே வாங்குபவரால் செய்யக்கூடியவை.

செலவைக் குறைக்க நினைப்பவர்கள் களிம்பின் அளவைக் குறைக்கக் கூடாது, களிம்பு தேவைப்படும் பரப்பைக் குறைக்கலாம். முழுக்கைச் சட்டை, அகன்ற விளிம்புத் தொப்பி, குடை ஆகியவற்றை ஒருமுறை வாங்கினால் போதும். அவை வியர்வையில் வழிந்தோடுவதில்லை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டாம். நெருக்கமாக நெய்த அடர்நிறத் துணி நல்ல காப்புத் தரும். மூடிய உடலுக்குப் போகும் களிம்பை மிச்சப்படுத்தி, முகத்துக்கும் புறங்கைக்கும் நிறைவாகப் பூசலாம். எப்போது தேவை என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் யுவி குறியீட்டை, அதாவது அந்நேரத்தில் புற ஊதாக் கதிர் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று காட்டும் எண்ணை, அளவுகோலாகத் தருகிறது. அது 3 அல்லது அதற்கு மேல் இருக்கும் நேரங்களில் காப்பு தேவை. மெல்லிய மேகம் புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை கீழே விட்டுவிடும் என்பதால் வானம் மூடியிருப்பதை மட்டும் நம்பக் கூடாது. வெளியில் உழைப்பவர்களும் விளையாடுபவர்களும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், வியர்த்துத் துடைத்த பின்னும், நீரிலிருந்து எழுந்த பின்னும் மீண்டும் பூச வேண்டும். சன்னலிலிருந்து விலகி அமர்ந்து பகல் முழுவதும் உள்ளேயே வேலை செய்பவருக்குக் காலையில் ஒருமுறையும், வெயிலில் இறங்கும் முன் மறுமுறையும் பூசுவது போதும் என்றே நினைக்கிறேன். தெளிக்கும் வகைகள் வசதியானவை, ஆனால் காற்றில் வீணாவதும் திட்டுத்திட்டாகப் படிவதும் அதிகம் என்பதால் சிக்கனம் கருதுபவர்களுக்கு ஏற்றவை அல்ல.

முதலில் கிடைக்கும் மிகச் சிறிய அளவை வாங்கி, முன்கையின் உட்புறத்தில் சில நாள் பூசிப் பார்த்து, பிறகு முகத்தில் முழு அளவும் பூசி, கண் எரிச்சலோ பிசுபிசுப்போ தொல்லை தராவிட்டால் அதே பொருளின் பெரிய குப்பிக்கு மாறலாம். தோல் மருத்துவர் சோதித்தது, திரையின் நீல ஒளியிலிருந்து காப்பது என்றெல்லாம் உறையில் இருக்கும் வாசகங்களுக்காக விலையைக் கூட்டிக் கொடுக்க வேண்டாம். கணினித் திரையிலிருந்து வரும் நீல ஒளி சூரியனிடமிருந்து வருவதோடு ஒப்பிடத் தகாத சிற்றளவு.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். சன்ஸ்கிரீன்களைப் பரிந்துரைத்துப் பட்டியல் வெளியிடும்போது ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு மில்லியின் விலை, யுவிஏ குறியீடு, முழு அளவு பூசினால் எத்தனை முறைக்கு வரும் என்ற கணக்கு ஆகிய மூன்றையும் சேர்த்து அச்சிடுங்கள். நூறு சதவீதக் காப்பு, மீண்டும் பூசத் தேவையில்லை போன்ற வாசகங்கள் சன்ஸ்கிரீன் உறையில் இடம்பெறக் கூடாது என்று ஐரோப்பிய ஆணையம் 2006லேயே கூறிவிட்டது. வாட்டர்ப்ரூஃப் என்ற சொல்லை அமெரிக்கா 2011இல் வெளியிட்ட விதிகளில் விலக்கி, நீரில் 40 நிமிடமா 80 நிமிடமா தாக்குப்பிடிக்கும் என்று குறிப்பிடச் செய்தது. இத்தகைய வாசகங்களோடு வரும் விளம்பரங்களை ஏற்பதற்கு முன், அதற்கான சோதனைச் சான்றைத் தங்கள் விளம்பரப் பிரிவு கேட்டுப் பெறுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்